காற்றும் குழந்தையின் மூச்சும்

பெரிய நிகோபார் தீவின் கிழக்குக் கரையில் கேம்பல் பே என்னும் சிற்றூர் உள்ளது. சென்னையில் கப்பலேறி, 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேருக்குச் சென்று, அங்கிருந்து வேறொரு கப்பலில் தெற்கு நோக்கி ஏறக்குறைய 540 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால் இவ்வூரை அடையலாம். நிகோபாரியரும் ஷொம்பென் மக்களும் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் இத்தீவில், 1969ஆம் ஆண்டு தொடங்கி 1980 வரையில், படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற சுமார் 330 குடும்பங்களை மைய அரசு குடியேற்றியது. பஞ்சாபியர், மராட்டியர், தெலுங்கர், மலையாளிகள் ஆகியோருடன் தமிழ்க் குடும்பங்களும் அங்கே வந்து சேர்ந்தன. காட்டைத் திருத்திக் கழனியும் தென்னந்தோப்பும் ஆக்கிய அந்தத் தலைமுறையினர் பலர், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது தாம் தேடியதையெல்லாம் கடலுக்குக் கொடுத்தார்கள். எஞ்சியவர்கள் தகரக் கொட்டகைகளில் தங்கி, மீண்டும் வீடு கட்டி, மீண்டும் தென்னை நட்டார்கள்.

அலுவல் நிமித்தமாக நாம் அவ்வூரில் சில நாட்கள் தங்கியிருந்தபோது, குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குச் செல்லும் வாய்ப்பு நேர்ந்தது. மழை விடாது பெய்துகொண்டிருந்தது. வீட்டுப் பெரியம்மையார் தம் பேத்தியை மடியில் சாய்த்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். ஆறு வயதிருக்கும் அந்தக் குழந்தைக்கு. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சில் மெல்லிய சீழ்க்கை ஒலி கேட்டது. நாம் காகிதங்களோடு பழகுபவன், படித்தவன் என்ற எண்ணத்தில் அவர் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: “புகை இல்லாத ஊருன்னுதானே தம்பி எல்லாரும் சொல்றாங்க? அப்ப இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி இழுக்குது?”

அன்று அதற்கு நாம் விடை சொல்லவில்லை, சொல்லத் தெரியவுமில்லை. ஊர் திரும்பிய பின்னர், காற்றின் மாசும் குழந்தைகளின் இழுப்பு நோயும் எவ்வாறு தொடர்புடையவை என்பதை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றைத் தேடிப் படித்தோம். அதையே நேயர்களுக்கு இங்கே கூற விரும்புகிறோம்.

முதலாவதாக ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்நோய் ஆலைப் புகையைவிடப் பழமையானது. நம் முன்னோர் இதனை ஈளை என்றும் இரைப்பு என்றும் வழங்கினர். சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் இதற்குத் தனியிடம் உண்டு. ஆஸ்துமா என்ற சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. 1698ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் ஃபிளாயர் என்னும் வைத்தியர் இந்நோயைப் பற்றித் தனி நூலே எழுதினார்; அவரே இந்நோயால் வருந்தியவர். அக்காலத்தில் நீராவி யந்திரம் தொழிலுக்குப் பெரிதாகப் பயன்பட்டிருக்கவில்லை.

நோய் எவ்வாறு உண்டாகிறது என்பது படிப்படியாகவே விளங்கிற்று. 1819இல் லண்டன் வைத்தியர் ஜான் பாஸ்டாக், கோடையில் தமக்கு வரும் தும்மலையும் கண்ணெரிச்சலையும் மூச்சுத் திணறலையும் விவரித்து எழுதினார். 1873இல் மான்செஸ்டர் நகரின் சார்லஸ் பிளாக்லி, அத்தகைய தொல்லைக்குப் பூக்களின் மகரந்தமே காரணம் என்பதைத் தம் உடம்பிலேயே சோதித்து நிலைநாட்டினார். 1906இல் வியன்னா நகரக் குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே, உடம்பு தனக்குத் தீங்கற்ற ஒன்றையும் பகையாகக் கருதி மாறுபட்டு எதிர்வினை செய்வதற்கு ‘அலர்ஜி’ என்ற பெயரைச் சூட்டினார். நாம் இன்று ஒவ்வாமை என்று கூறுவது அதனையே. 1960களில் ஹாலந்து நாட்டின் லைடன் நகர ஆராய்ச்சியாளர்கள், வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு வகைச் சிற்றுண்ணியே பலருக்கு இழுப்பை உண்டாக்குகிறது என்று கண்டனர். இந்த உண்ணி ஈரப்பதம் மிகுந்த இடத்தில், மெத்தையிலும் தலையணையிலும் செழித்து வளர்வது.

மூச்சுக் குழாய்களின் உட்சவ்வு வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகி, கோழையும் சேர்ந்துகொள்ளும்போது காற்று செல்லும் வழி குறுகுகிறது. அவ்வழியாக மூச்சு வெளியேறும் ஒலியே அந்தச் சீழ்க்கை. பெரியவர்களின் குழாயைவிடக் குழந்தையின் குழாய் இயல்பாகவே குறுகியது. ஆதலால் சிறு வீக்கமும் அதற்குப் பெரிய இடர். மேலும், உடல் எடைக்கு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தை அதிகக் காற்றை உள்ளிழுக்கிறது, ஓடி ஆடுகிறது, அதன் நுரையீரலோ இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது.

ஆகவே பெரியம்மையாரின் கேள்விக்கு முதற்பாதி விடை இதுவே: புகை இல்லாத ஊரிலும் இழுப்பு வரலாம். பரம்பரையும் உண்டு, ஈரமும் பூஞ்சணமும் தூசி உண்ணியும் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி மழை பெய்யும் தீவில் இவற்றுக்குக் குறைவில்லை. அப்படியானால் புகைக்கும் இந்நோய்க்கும் என்ன உறவு? அதை அறிய, புகையை மறைக்க முடியாதபடி கண்ட ஊர்களுக்குச் செல்ல வேண்டும்.

லண்டன் நகரின் நிலக்கரிப் புகையைக் கண்டித்து 1661ஆம் ஆண்டிலேயே ஜான் ஈவ்லின் என்பவர் அரசர் இரண்டாம் சார்ல்ஸுக்கு ஒரு சிறு நூல் எழுதி அளித்தார். அரசர் அதைப் பாராட்டினாலும் புகை குறையவில்லை. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1952 டிசம்பர் 5 முதல் 9 வரையில், அந்நகரின் மீது புகையும் மூடுபனியும் கலந்து அசையாது நின்றது. பட்டப்பகலில் எதிரே வருபவர் தெரியவில்லை. பேருந்துகளுக்கு முன்னால் ஆட்கள் விளக்கேந்தி நடந்தனர். அந்நாட்களிலும் அதையடுத்த வாரங்களிலும் வழக்கத்திற்கு மேல் சுமார் 4,000 பேர் இறந்தனர் என்று முதலில் கணக்கிட்டார்கள். பிற்கால ஆராய்ச்சி அத்தொகை 12,000 வரை இருக்கலாம் என்று கூறிற்று. இறந்தவர்களில் முதியோரும் கைக்குழந்தைகளும் மிகுதி. இதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. ஈவ்லின் காலத்தில் கண்டனம் மட்டுமே இருந்தது. 1952இல் சாவுப் பதிவேடு இருந்தது. சட்டத்தை அசைத்தது அந்தப் பதிவேடே என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

இந்தியாவில் இவ்விஷயம் முற்றிலும் கவனிக்கப்படாமல் இருந்ததென்று கூற முடியாது. 1905இல் வங்காளத்திலும் 1912இல் பம்பாயிலும் புகைத் தொல்லைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆனால் புகைபோக்கியிலிருந்து எவ்வளவு கரிய புகை வருகிறது என்பதையே அவை முதன்மையாகக் கருதின. அதை உள்ளிழுத்தவர் என்ன ஆனார் என்பதைக் கணக்கெடுக்கும் வழக்கம் ஏற்படவில்லை.

அந்தக் கணக்கு ஜப்பானில் ஒரு துறைமுக நகரில் எழுந்தது. யொக்காய்ச்சி என்பது அந்நகரின் பெயர். 1950களின் இறுதியில் அங்கே பெட்ரோலிய ரசாயன ஆலைகள் கடற்கரையோரம் எழும்பின. சில ஆண்டுகளில், ஆலைகளையடுத்த இசோசு என்னும் மீனவர் குடியிருப்பில் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் இழுப்பு பெருகியது; மக்கள் அதற்கு ‘யொக்காய்ச்சி ஆஸ்துமா’ என்றே பெயரிட்டனர். எண்ணெயை எரிப்பதால் வெளிப்பட்ட கந்தக டை ஆக்சைடு வாயுவே அதற்குக் காரணம். 1967இல் இசோசுவைச் சேர்ந்த ஒன்பது பேர் ஆறு கம்பெனிகள் மீது வழக்குத் தொடுத்தனர். ஒவ்வொரு நோயாளியின் மூச்சையும் எந்தக் கம்பெனியின் புகை கெடுத்தது என்று தனித்தனியே காட்ட முடியுமா என்பதே கம்பெனிகளின் வாதம். 1972 ஜூலை 24ஆம் நாள் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஒரு வட்டாரத்தின் நோய்ப் பெருக்கத்தைக் காட்டும் கணக்கே போதிய சான்று என்று கொண்டு, ஆறு கம்பெனிகளும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டிலேயே, மாசினால் நோயுற்றோருக்கு ஈடு வழங்கும் சட்டம் ஜப்பானில் பிறந்தது.

ஆலை இயங்கும்போது நோய் மிகுகிறது என்பது ஒரு சான்று. ஆலை நின்றால் நோய் குறைகிறதா என்பது அதைவிட வலிய சான்றாகும். அமெரிக்காவில் யூட்டா மாநிலப் பள்ளத்தாக்கு ஒன்றில் அத்தகைய சோதனை யாரும் திட்டமிடாமலே நிகழ்ந்தது. அங்கிருந்த எஃகு ஆலை, தொழில் தகராறு காரணமாக 1986 ஆகஸ்டு முதல் 1987 செப்டம்பர் வரை மூடிக் கிடந்தது. ஆர்டன் போப் என்னும் பொருளாதாரப் பேராசிரியர் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை எடுத்து ஒப்பிட்டார். ஆலை இயங்கிய குளிர்காலங்களில், மூடியிருந்த குளிர்காலத்தைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு குழந்தைகள் மார்ச்சளியாலும் ஆஸ்துமாவாலும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருந்தனர். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரி எழுத்தர் நாள்தோறும் எழுதிவந்த பதிவேடும், ஒருவர் அதைப் பொறுமையாகப் படித்ததுமே போதுமானவையாயின.

ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவும் ஒரு துறைமுக நகரம். 1981க்கும் 1987க்கும் இடையில் அங்கே திடீர் திடீரென 26 நாட்களில் பலருக்கு ஒரே சமயத்தில் கடுமையான இழுப்பு கண்டது. காரணம் நெடுநாள் புரியவில்லை. முடிவில் ஆராய்ச்சியாளர்கள் துறைமுகத்தின் சரக்குப் பதிவேட்டை ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1985, 1986 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு நோய் கண்ட 13 நாட்களிலும் துறைமுகத்தில் சோயா மொச்சை இறக்கப்பட்டிருந்தது! மொச்சையைக் கொட்டி வைக்கும் களஞ்சியத்திலிருந்து கிளம்பிய தூசியை நகரத்தின் மீது காற்று கொண்டுவந்து சேர்த்தது. களஞ்சியத்தில் வடிகட்டிகளைப் பொருத்தியதும் அத்தொல்லை நின்றது. இங்கே நோயுற்றவர்கள் பெரும்பாலும் வயது வந்தோரே. எனினும், துறைமுகம் அமையும் ஊருக்கு இதில் ஒரு பாடம் உண்டு.

இவற்றையெல்லாம் கேட்கும் நேயர்கள், புகை மிகுந்த ஊரில் ஆஸ்துமா மிகுதி, புகை குறைந்த ஊரில் ஆஸ்துமா குறைவு என்று எளிய முடிவுக்கு வந்துவிடக்கூடும். வரலாறு அவ்வளவு நேர்கோட்டில் செல்லவில்லை. ஜெர்மனி நாடு 1990இல் ஒன்றான பிறகு, எரிகா ஃபான் மூடியஸ் என்னும் வைத்தியர், கிழக்கில் புகை மண்டிய லைப்சிக், ஹாலே நகரங்களின் குழந்தைகளையும், மேற்கில் தூய்மையான மியூனிக் நகரக் குழந்தைகளையும் ஒப்பிட்டார். கிழக்கில்தான் ஆஸ்துமா அதிகமிருக்கும் என்று எதிர்பார்த்தார். கண்டதோ வேறு. மார்ச்சளி கிழக்கில் அதிகம். ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் மேற்கில் அதிகம். 1991இல் தொடங்கிய ஓர் உலக ஆய்வு, 56 நாடுகளில் 155 இடங்களில் 13, 14 வயதுள்ள 4,63,801 பிள்ளைகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 1998இல் வெளியிட்டது. அதிலும் பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற செல்வ நாடுகளில் இழுப்பு மிகுதியாகவும், இந்தியா, சீனா முதலிய நாடுகளில் குறைவாகவும் காணப்பட்டது. வாழும் முறை, வீட்டின் அமைப்பு, சிறு வயதில் எதிர்கொள்ளும் கிருமிகள் எனப் பல காரணங்கள் இதில் கூடியுள்ளன. ஆகவே, உண்டான நோயைக் கிளறிவிடுவதில் புகையின் பங்கு ஐயமற்றது. புதிதாக நோயை உண்டாக்குவதில் அதற்கு எவ்வளவு பங்கு என்பதை அறிய, ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

அந்தப் பொறுமையான வேலையைத் தென் கலிபோர்னியாவின் ஆராய்ச்சியாளர்கள் 1990களின் தொடக்கத்தில் மேற்கொண்டனர். ஒரு தலைமுறைப் பிள்ளைகளை அளந்து, பின்னர் அடுத்த தலைமுறையையும் அளந்தனர். இதற்கிடையே வாகனப் புகைக் கட்டுப்பாடுகளால் அவ்வட்டாரத்தின் காற்று தெளிந்துகொண்டே வந்தது. 15 வயதில் நுரையீரல் வலிமை மிகவும் குன்றியிருந்த பிள்ளைகள், முதல் அணியில் நூற்றுக்கு 7.9 ஆக இருந்து, கடைசி அணியில் 3.6 ஆகக் குறைந்ததை 2015இல் வெளியிட்டார்கள். காற்று தெளியத் தெளியப் புதிதாக ஆஸ்துமாவுக்கு ஆளாகும் பிள்ளைகளும் குறைந்தனர் என்பதை 2019இல் எடுத்துக்காட்டினார்கள். சரித்திரத்தின் மகிழ்ச்சியான பக்கம் இது. மனிதன் கெடுத்த காற்றை மனிதனே சீர்செய்ய முடியும். அதன் பயன் ஒரே தலைமுறையில் குழந்தையின் மார்பில் தெரியும்.

எனினும் கண்ணுக்குத் தெரியாத புகையை நம்பிவிடக் கூடாது என்பதற்கும் சான்று உண்டு. மீண்டும் லண்டன் நகருக்கே வருவோம். 1952இன் கரும்புகை போய்விட்டது. வானம் தெளிவாகத் தோன்றுகிறது. ஆனால் நெரிசல் மிகுந்த ஒரு பெருஞ்சாலையின் அருகே வாழ்ந்த எல்லா அடூ கிஸ்ஸி டெப்ரா என்னும் சிறுமி, மூன்று ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 30 தடவை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, 2013 பிப்ரவரியில் ஒன்பதாம் வயதில் ஆஸ்துமாவால் மாண்டாள். அவளுடைய தாய் விடவில்லை. வீட்டிலிருந்து ஒரு மைல் தொலைவில் இருந்த காற்று அளவை நிலையத்தின் குறிப்புகளை எடுத்து, அவள் நோயுற்ற காலத்தில் வாகனப் புகையின் அளவு சட்ட வரம்பைத் தாண்டி நின்றதை ஸ்டீபன் ஹோல்கேட் என்னும் பேராசிரியர் காட்டினார். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, சாவுக்கான காரணங்களில் ஒன்றாகக் காற்று மாசையும் எழுதினார். பிரிட்டனில் அவ்வாறு எழுதப்பட்டது அதுவே முதல் தடவை. ஒரு மைல் தூரத்தில் அந்தக் கருவி இல்லாதிருந்தால், அத்தாயின் துயரம் வெறும் சந்தேகமாகவே நின்றிருக்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981இல் இயற்றப்பட்டது. 2009இல் மைய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சூழ்காற்றுக்கான தேசிய அளவைகளைத் திருத்தி வெளியிட்டது. அதன்படி, 2.5 மைக்ரான் பருமனுக்கு உட்பட்ட நுண்துகள், அதாவது தலைமயிரின் முப்பதில் ஒரு பங்கு அளவுள்ள தூசி, ஓராண்டுச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவு 5 மட்டுமே. உலகில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 93 பேர் தூய்மையற்ற காற்றையே சுவாசிக்கின்றனர் என்று அந்நிறுவனம் 2018இல் கூறியது.

தமிழ்நாட்டில் துறைமுகத் தூசியின் கதை வடசென்னை மக்களுக்கு நன்கு தெரியும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் திறந்த வெளியில் குவிக்கப்பட்டு வந்தன. கருந்தூசி வீடுகளில் படிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் தலையிட்டதன் பேரில், அவ்வாண்டு அக்டோபர் முதல் அச்சரக்குகளைக் கையாள்வது நிறுத்தப்பட்டது. இது நல்ல முடிவே. ஆனால் நிலக்கரி மறைந்துவிடவில்லை. 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்தின் வழியே அது வரலாயிற்று. எண்ணூரிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். அனல் மின் நிலையங்களின் சாம்பலும் அவர்களைச் சூழ்ந்துள்ளது. ஓர் ஊரின் மூச்சைக் காக்கப் புகையை அடுத்த ஊருக்கு அனுப்புவது தீர்வாகாது.

இனிக் கேம்பல் பேக்குத் திரும்புவோம். அவ்வூரில் இன்று ஆலை இல்லை. நெரிசலான சாலை இல்லை. மின்சாரம் டீசல் யந்திரங்களிலிருந்து வருகிறது, அங்கங்கே குப்பை எரிகிறது, விறகடுப்பும் உண்டு. ஆயினும் நம் நகரங்களோடு ஒப்பிட்டால் அங்குள்ள காற்று பெரும் பேறு என்றே சொல்ல வேண்டும். ஆனால் காற்றுக்கு எல்லை கிடையாது. தீவுக்குத் தெற்கே, மலாக்கா நீரிணையை நோக்கி உலகின் பெரும் கப்பல் வழிகளுள் ஒன்று செல்கிறது. கப்பல்களின் புகையால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 1 கோடியே 40 லட்சம் குழந்தைகள் ஆஸ்துமாத் தொல்லைக்கு ஆளாகிறார்கள் என்றும், எரிஎண்ணெயில் கந்தகத்தைக் குறைத்தால் அத்தொகை பாதிக்கும் கீழாகும் என்றும் 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து சர்வதேசக் கடல்சார் அமைப்பு கப்பல் எண்ணெயின் கந்தக வரம்பை நூற்றுக்கு 3.5லிருந்து 0.5 ஆகக் குறைத்தது. கண்காணாத குழந்தைகளுக்காக உலக நாடுகள் ஒன்றுகூடிச் செய்த நற்செயல்களுள் இதுவும் ஒன்று.

தீவின் தென்கிழக்கே சுமத்ரா இருக்கிறது. அங்கே கரிமண் நிலங்களில் தீ மூளும் ஆண்டுகளில் சிங்கப்பூரும் மலேசியாவும் படும் பாட்டை, அந்நாடுகளில் உறவினர் உள்ள தமிழர் நன்கு அறிவர். 2013 ஜூன் 21ஆம் நாள் சிங்கப்பூரின் மாசுக் குறியீடு 401ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாயம் என்பது அந்நாட்டு வகைப்பாடு. 2015 செப்டம்பரில் அங்கே பள்ளிகள் ஒரு நாள் மூடப்பட்டன. குறியீடு மணிக்கு மணி வெளியிடப்பட்டதால்தான், எப்போது பிள்ளைகளை வெளியே விடலாம், எப்போது விடலாகாது என்று தாய்மார் அறிந்துகொள்ள முடிந்தது.

இவை வெளியிலிருந்து வருபவை. தீவுக்குள்ளேயும் மாறுதல் வரவிருக்கிறது. கலத்தியா வளைகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், வாயுவும் சூரிய சக்தியும் கொண்டு இயங்கும் மின் நிலையம், நகரியம் ஆகியவை அடங்கிய பெருந்திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் ஒப்புதல் அளிக்கப்பட்டது. 166 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள திட்டம் அது. அதில் 130 சதுர கிலோமீட்டர் காடு. இத்திட்டம் வேண்டுமா என்ற வாதம் நாட்டில் பலமாக நடந்து வந்துள்ளது. காட்டைப் பற்றியும், கடலாமைகளைப் பற்றியும், ஷொம்பென் மக்களைப் பற்றியும் அறிஞர்கள் எழுப்பியுள்ள கேள்விகள் மிகப் பெரியவை. அவற்றை இச்சிறு பேச்சில் தீர்த்துவிட இயலாது. நாம் கூற வந்தது அவற்றோடு சேர வேண்டிய இன்னும் ஒரு கேள்வி.

அரசு ஆவணங்களைத் தமிழாக்கும் வேலையில் ‘தொடக்கநிலை அளவு’ என்ற சொற்றொடரை நாம் அடிக்கடி எழுத நேர்கிறது. ஒரு வேலை தொடங்குமுன் நிலமும் நீரும் காற்றும் எவ்வாறு இருந்தன என்பதைக் குறிக்கும் தொடர் அது. பெருந்திட்டங்களுக்காக இந்த அளவு பொதுவாக ஒரு பருவத்தில், சில இடங்களில் எடுக்கப்படும். இதுவரை கூறிய வரலாற்றைப் படித்த பிறகு அத்தொடரை முன்போல் எழுதிவிட்டுச் செல்ல நம்மால் முடியவில்லை. லண்டனிலும் யொக்காய்ச்சியிலும் யூட்டாவிலும் வடசென்னையிலும் நடந்தது என்ன? புகை முதலில் வந்தது. நோய் பிறகு வந்தது. கணக்கு கடைசியில் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் விலையைக் கொடுத்தவர்கள் குழந்தைகள். கணக்கு முதலில் வந்த ஊர் இவற்றில் ஒன்றுமில்லை. கேம்பல் பேக்கு அந்த வாய்ப்பு இன்னும் இருக்கிறது.

அதற்கு வேண்டியவை அதிகமில்லை. ஊரிலும் வளைகுடாப் பக்கத்திலும், மழைக்காலம் வறட்சிக்காலம் என்ற வேறுபாடின்றி ஆண்டு முழுவதும் இடைவிடாது காற்றை அளக்கும் கருவிகள் வேண்டும். அளவு எல்லாரும் காண வெளியிடப்பட வேண்டும். ஊர் ஆரோக்கிய நிலையத்தில், இழுப்போடு வரும் ஒவ்வொரு குழந்தையின் வயதும் நாளும் ஒரே முறையில் பதிவாக வேண்டும். பள்ளிகளில் ஆண்டுக்கு ஒரு முறை, பிள்ளை எத்தனை நாள் மூச்சுத் திணறலால் வரவில்லை என்று எழுதி வைக்க வேண்டும். தொடக்கத்திலிருந்தே இந்த ஏடுகள் இருந்தால், நாளை காற்று கெடாவிட்டால் அதையும் அவை சொல்லும்; கெட்டால், யூட்டாவின் பதிவேட்டைப்போல மறுக்க முடியாத மொழியில் அதையும் சொல்லும். திட்டத்தை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒருங்கே ஏற்கக்கூடிய கோரிக்கை இது என்று நம்புகிறோம்.

ஊர் செய்யவேண்டியது இது. வீடு செய்யவேண்டியதும் உண்டு. வெயில் கண்ட நாளெல்லாம் படுக்கையையும் தலையணையையும் உலர்த்துவது, சுவரில் பூஞ்சணம் படியாமல் துடைத்துக் காற்றோட்டம் வைப்பது, விறகடுப்பின் புகை குழந்தை உறங்கும் இடத்துக்கு வராமல் தடுப்பது, கொசுவர்த்திச் சுருளுக்குப் பதிலாக வலை கட்டுவது, வீட்டுக்குள் பீடி சிகரெட்டு புகைக்காமலிருப்பது, பிளாஸ்டிக்கை வாசலில் எரிக்காமலிருப்பது ஆகியவை பணம் அதிகம் வேண்டாத காரியங்கள். மருந்தை உள்ளிழுக்கும் குழலைப் பற்றி நம்மவரிடையே வீண் அச்சம் உண்டு. பழகிவிட்டால் விடமுடியாது என்பார்கள். அந்தக் கருவி பிறந்த கதையே ஒரு குழந்தையின் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. 1955இல் அமெரிக்க மருந்துக் கம்பெனி ஒன்றின் தலைவரிடம் ஆஸ்துமாவால் வருந்திய அவருடைய மகள், கூந்தலுக்கு வாசனைத் திரவம் தெளிக்கும் டப்பாவைப்போல என் மருந்தும் ஏன் வரக்கூடாது என்று கேட்டாளாம். மறு ஆண்டே அளவாக மருந்து தெளிக்கும் குழல் விற்பனைக்கு வந்துவிட்டது. மருந்து நேரே மூச்சுக் குழாய்க்குச் செல்வதால் குறைந்த அளவே போதும். வைத்தியர் சொன்னபடி ஒழுங்காக உபயோகித்தால், இந்நோயுள்ள பிள்ளைகளில் மிகப் பலர் மற்றவர்களைப்போல ஓடி ஆடலாம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கப்பலோ ஹெலிகாப்டரோ தேடவேண்டிய தீவில், கைக்கெட்டும் இடத்தில் அந்தக் குழல் இருப்பது உயிர்காக்கும் விஷயமாகும்.

அன்றிரவு மழை சற்று ஓய்ந்தபோது அந்தக் குழந்தையின் மூச்சும் சற்று இளகியது. பாட்டியின் தோளில் தலை சாய்த்து உறங்கிவிட்டாள். பெரியம்மையாரின் கேள்விக்கு இப்போது நம்மால் இவ்வளவு சொல்ல முடியும்: “அம்மா, இந்தப் பிள்ளைக்கு இன்று இழுப்பதற்கு ஊர்ப் புகை காரணமாயிராது, வீட்டு ஈரமும் உடல்வாகும் காரணமாயிருக்கலாம். வைத்தியரைக் கேட்டு முறையாக மருந்து கொடுங்கள். ஆனால் நாளை இவள் பள்ளிக்கூடத்தின் மேல் வீசப்போகும் காற்று எப்படிப்பட்டது என்பதை இன்றிலிருந்தே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.” அடுத்த முறை அத்தீவுக்குச் செல்லும்போது, மருந்துக் குழலும் அந்த ஏடும் அங்கே இருப்பதைக் காண வேண்டும் என்பதே நமது ஆவல்.